ஒருவர் தீட்ட, ஒருவர் மழுக்க

கிரேன்காரர் என்று கேட்டால்தான் அந்தத் தெருவில் வீட்டைக் காட்டுவார்கள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்று வருஷக்கணக்காகியும் அந்தப் பெயர் மட்டும் வேலையை விடவில்லை. அப்பா அம்மா வைத்த பெயர் வங்கிக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகும்போது மட்டும் வெளியே வரும். அந்தரத்தில் தூக்கிய பெட்டியைக் கீழே முட்டை இருந்தாலும் உடையாமல் இறக்குவார் என்று கூட வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள். கொஞ்சம் மிகைதான். ஆனால் புகழ்ச்சியை மறுத்து யாருடைய மனத்தையும் புண்படுத்துகிற வழக்கம் அவருக்குக் கிடையாது.

ஓய்வு பெற்ற புதிதில் அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. மனைவி அப்போது பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். காலையில் கதவு சாத்தினால் மாலையில்தான் திறக்கும். இவர் ஜன்னலுக்கும் நாற்காலிக்குமாக நடந்து நடந்து, கடைசியில் ஒருநாள் பசி தாங்காமல் சமையலறைக்குள் போனார். போனவர் போனவர்தான். முதலில் கருக்கினார், பிறகு உப்பை அள்ளிப் போட்டார், அதற்கப்புறம் மெல்ல மெல்லக் கை வந்தது. டீச்சரும் ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த சமயத்தில் சமையலறை முழுசாக அவர் ஆட்சிக்குள் போயிருந்தது. டப்பாக்கள் உயர வரிசையில் நிற்கும். கரண்டிகள் அதனதன் ஆணியில் தொங்கும். டீச்சர் தண்ணீர் குடிக்க உள்ளே வந்தாலும், "என்ன வேணும், சொல்லு, நான் எடுத்துத் தர்றேன்" என்று வாசலிலேயே மறிப்பார், சுங்க அதிகாரி மாதிரி.

டீச்சருக்கு இதில் வருத்தம் ஒன்றுமில்லை. சமைக்காமல் சாப்பிடுகிற சுகம் யாருக்குக் கசக்கும்? ஆனால் சும்மா உட்காரும் உடம்பில்லை அது. ஓய்வு பெற்றதும் நீச்சல் வகுப்பில் சேர்ந்தார், தண்ணீர் சில்லென்று இருக்கிறது என்று விட்டார். கம்பளி பின்னினார், ஒரு கையோடு நின்றது அந்தச் சட்டை. படம் வரைந்தார், அதில் இருந்தது குதிரையா மேசையா என்று வீட்டுக்குள் வாக்குவாதம் வந்தது. "எங்கக்கா ஆரம்ப சூரி" என்று டீச்சரின் தம்பி கேலி செய்வார். கப்பலில் இன்ஜினியர் அவர், ஊர் ஊராகச் சுற்றுகிறவர். அவர்தான் ஒரு விடுமுறைக்கு வந்தபோது கனமான ஒரு பெட்டியைக் கொண்டுவந்து அக்கா மடியில் வைத்தார்.

திறந்தால் கற்கள். சோப்புக் கட்டி போல மழமழவென்று மூன்று கற்கள். ஒன்று சாம்பல், ஒன்று செங்கல் நிறம், ஒன்று பாலாடை நிறம்.

"தம்பி, ஜப்பானுக்குப் போயும் உனக்குக் கல்தான் கெடைச்சுதா?" என்றார் டீச்சர்.

"கத்தி தீட்டற கல்லுக்கா. தண்ணியில ஊறவெச்சுத் தீட்டணும். சொரசொரப்பானதுல ஆரம்பிச்சு வழவழப்புக்குப் போகணும். கோணம் மாறவே கூடாது. அதான் இதுல இருக்கற சூட்சுமம்."

கோணம் என்ற சொல் விழுந்ததுமே டீச்சரின் கண்ணில் விளக்கு எரிந்ததைக் கிரேன்காரர் பார்த்தார். ஆகா, சனி பிடித்தது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமையே பின்கட்டு மேசைமேல் ஈரத்துணியை விரித்து, அதன்மேல் கல்லை நகராமல் வைத்து டீச்சர் வேலையைத் தொடங்கிவிட்டார். கல்லை வாளியில் போட்டால் புசுபுசுவென்று குமிழி விடும். குமிழி அடங்கினால் கல் தண்ணீர் குடித்து முடித்துவிட்டது என்று அர்த்தம். அட்டையில் பதினைந்து டிகிரிக்கு முக்கோணம் வெட்டி, கத்திக்கு முட்டுக் கொடுத்துப் பார்த்துக்கொள்வார். கத்தி போகப்போகக் கல்லின்மேல் சாம்பல் நிறத்தில் சேறு கூடும். அதைக் கழுவக் கூடாதாம், அதுதான் கத்தியைத் தீட்டுகிறதாம். ஒரு பக்கம் போதுமான அளவு தேய்ந்ததும் மறுபக்கத்து விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத பிசிறு ஒன்று எழும். விரல் நுனியால் தடவினால்தான் தெரியும். பிசிறு வந்த பிறகுதான் கத்தியைத் திருப்பிப் போடவேண்டும். அன்று சாயங்காலம் செய்தித்தாளைத் தொங்கவிட்டு, கத்தியை மேலே வைத்தார் டீச்சர். தாள் இரண்டாகப் பிரிந்து விழுந்தது. சத்தம்கூட வரவில்லை.

"பார்த்தீங்களா!" என்று துள்ளினார். வகுப்பே கேட்கும் குரல் அது.

கிரேன்காரர் கை தட்டினார். மனசாரத்தான் தட்டினார். மறுநாள் காலையில் அதே கத்தியால் முட்டைக்கோஸ் நறுக்கும்போதுதான் விஷயம் விபரீதமாயிற்று. வெட்டிக்கொண்டே போனவர், வெள்ளைக் கோஸில் சிவப்பு எங்கிருந்து வந்தது என்று யோசித்தார். இடது ஆள்காட்டி விரல் நுனி பிளந்திருந்தது. வலி இல்லை. கத்தி பட்டது தெரியவே இல்லை.

சர்க்கரை வியாதி அவருக்குப் பழைய சிநேகிதம். இடது கை விரல் நுனிகள் மரத்துப்போக ஆரம்பித்ததும் புதிதல்ல. முதலில் ஊசி குத்துகிற மாதிரி இருந்தது, பிறகு கையுறை போட்ட மாதிரி ஆயிற்று. டாக்டரிடம் சொல்லவில்லை. டாக்டரிடம் சொன்னால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் டீச்சரின் காதிலும் விழும். மொட்டைக் கத்தி இருந்தவரைக்கும் பிரச்சினை இல்லை. அது தக்காளியையே கெஞ்சிக் கூத்தாடித்தான் வெட்டும், விரலை எங்கே வெட்டப்போகிறது? அமுக்குவது எலும்புவரை தெரியும், இவர் விரலை இழுத்துக்கொள்வார்.

டீச்சர் என்ன செய்வார் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. முன்பு ஒருதரம் இவர் ஏணியில் கால் தடுமாறினார். மறுநாள் ஏணி பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது. போன வருஷம் காரைப் பின்னால் எடுக்கும்போது கேட்டில் லேசாக இடித்தார். கேட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, காருக்குத்தான் ஒரு விளக்கு போயிற்று. டீச்சர் சாவியை எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, "போதும்ங்க" என்றார். அவ்வளவுதான், மேல்முறையீடு கிடையாது. கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை அந்தம்மா, பயத்தில் செய்வதுதான். ஆனால் இந்த விரல் விஷயம் தெரிந்தால் அடுத்துப் போவது சமையலறை. அதுவும் போய்விட்டால் மறுபடியும் ஜன்னலுக்கும் நாற்காலிக்கும் நடுவே நடக்கவேண்டியதுதான்.

கோஸைக் குப்பையில் போட்டார். "உள்ள அழுகியிருந்துது" என்றார். விரலில் துணி சுற்றி, "சூடு பட்டுடுச்சு" என்றார். ஒரு பொய்க்கு ஒன்பது பொய் துணை வேண்டும் என்பார்கள். அவர் இரண்டோடு நின்றது பெரிய விஷயம்.

மூன்றாவதை வாயால் சொல்லவில்லை, கையால் செய்தார். பீங்கான் கோப்பையைக் கவிழ்த்தால் அடியில் மெருகு பூசாத வளையம் ஒன்று சொரசொரப்பாக இருக்கும். குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் சத்தத்துக்குள் சத்தமாக, கத்தியின் கூர்விளிம்பை அந்த வளையத்தின்மேல் நேராக வைத்து அறுத்தார். கர்ர், கர்ர் என்று இரண்டு இழுப்பு. டீச்சர் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து ஏற்றிய கூர் ஒரு நொடியில் இறங்கிவிட்டது.

அதிலிருந்து அந்த வீட்டில் இரண்டு தொழிற்சாலைகள் நடந்தன. பின்கட்டில் ஒருவர் தீட்டினார், சமையலறையில் ஒருவர் மழுக்கினார். இரண்டு பேருமே கடும் உழைப்பாளிகள்.

பாவம் டீச்சர். சனிக்கிழமை தாளை வெண்ணெயாக வெட்டிய கத்தி, ஞாயிற்றுக்கிழமை ஏன் தக்காளித் தோலில் சறுக்குகிறது என்று மண்டையை உடைத்துக்கொண்டார். கல் நடுவில் குழிந்துவிட்டதோ என்று, கல்லின்மேல் பென்சிலால் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, கோடெல்லாம் அழியும்வரை இன்னொரு கல்லால் தேய்த்துச் சமப்படுத்தினார். கத்தியின் விளிம்பில் ஸ்கெட்ச் பேனாவால் மை பூசி, எந்த இடத்தில் அழிகிறது எந்த இடத்தில் அழியவில்லை என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். தம்பிக்குப் போன் போட்டுத் தண்ணீரில் உப்பு அதிகமோ என்று கேட்டார்.

"அக்கா, நீ ஒழுங்காத்தான் பண்றே. ஒருவேளை இரும்பு மட்டமோ?" என்றார் தம்பி.

"என்னங்க, நம்ம கத்தி மட்ட இரும்பா?"

"படு மட்டம்" என்றார் கிரேன்காரர், கரண்டியைத் துடைத்துக்கொண்டே. சொல்லிவிட்டு அந்தக் கத்தியை ஒருதரம் பார்த்துக்கொண்டார். நல்ல இரும்பு அது. அவர் ஆசைப்பட்டு வாங்கியது.

முதலில் அவருக்கு இதெல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது. வழக்கம்போலக் கொஞ்ச நாளில் விட்டுவிடுவாள், குதிரைப் படம் போன இடத்துக்கே கல்லும் போகும் என்று நம்பியிருந்தார். ஆனால் டீச்சர் விடவில்லை. நீச்சலை விட்டவர், கம்பளியை விட்டவர், இதை மட்டும் பிடித்த பிடியாகப் பிடித்துக்கொண்டார். தோள் வலிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு வந்து மறுபடியும் உட்கார்ந்தார். நகக்கண்ணெல்லாம் சாம்பல் சேறு. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பது உண்மைதான், யாராவது அந்தப் பக்கத்திலிருந்து தள்ளிக்கொண்டே இருந்தால் எப்படி நகரும்?

ஒரு சனிக்கிழமை காலை, பின்கட்டில் சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தார். டீச்சர் கற்களைத் துடைத்து, காய்ந்த துணியில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"என்னாச்சு டீச்சரம்மா?"

"நாளைக்குத் தம்பி சாப்பிட வர்றான் இல்ல. திருப்பிக் குடுத்துடறேன். யாராவது கை வர்றவங்க வெச்சுக்கட்டும்." குரலில் கோபம் இல்லை. அதுதான் அவரைச் சுட்டது. "அவன் சொல்றது சரிதாங்க. நான் ஆரம்ப சூரிதான். மத்ததெல்லாம் பிடிக்காம விட்டேன். இது ஒண்ணுதான் பிடிச்சுது. இதுவும் எனக்கு வரலை."

உனக்கு முதல் நாளே வந்துவிட்டதடி என்று கிரேன்காரர் சொல்லவேண்டும். சொன்னால் அடுத்த கேள்விக்குப் பதில் வேண்டும். அந்தப் பதிலுக்கு விலை சமையலறை. தன் அடுப்பைக் காப்பாற்றிக்கொள்ளப் பெண்டாட்டி தன் கையையே குறை சொல்லும்படி விட்டுவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்தாலும் வாய் வரவில்லை.

"கடைசியா ஒருதரம் பண்ணிப் பாரேன்" என்றார். இந்த முறை கோப்பைப் பக்கமே போவதில்லை என்று மனசுக்குள் முடிவு செய்துகொண்டார். கத்தி கூராகவே இருக்கட்டும், விரல் போனால் போகிறது.

டீச்சர் பெருமூச்சு விட்டார். இருந்தாலும் கல்லைப் பிரித்து வாளியில் போட்டார். குமிழி அடங்கக் காத்திருந்தார். பிறகு தீட்டினார், அட்டை முக்கோணம்கூட இல்லாமல். கை தானாகவே அந்தக் கோணத்தில் நின்றது. பக்கத்தில் நின்று பார்த்த கிரேன்காரருக்கு அது புரிந்தது. லிவரைப் பிடித்த கை எப்போது தானாக ஓட ஆரம்பிக்கும் என்று அவருக்குத் தெரியாதா?

"என்னங்க, கொஞ்சம் இங்க வாங்க. பிசிறு வந்திருக்கான்னு தொட்டுப் பாருங்க. என் விரலை எனக்கே நம்ப முடியல."

திருடனுக்குத் தேள் கொட்டியது போல ஆயிற்று அவருக்கு. வலது கையில் ஈரக்கரண்டி. பழக்கதோஷத்தில் இடது கையை நீட்டிவிட்டார். டீச்சர் கத்தியின் மறுபக்கத்தைக் காட்டினார். இவர் விரல் நுனியை விளிம்பில் வைத்தார். ஒன்றும் தெரியவில்லை. கொஞ்சம் அழுத்தினார். அப்போதும் தெரியவில்லை. ஆனால் டீச்சர் முகம் தேர்வு முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளை முகமாக இருந்தது. அந்த முகத்தைப் பார்த்தபடியே விரலை விளிம்போடு ஓட்டினார்.

"ஓ! ஜோரா வந்திருக்கே. சீப்பு மாதிரி தெரியுது டீச்சரம்மா. என்ன கை உன் கை!"

டீச்சர் முகம் மலர்ந்தது. மலர்ந்த முகம் அப்படியே நின்றது. கல்லின்மேல் இருந்த சாம்பல் சேற்றில் ஒரு சிவப்புச் சொட்டு விழுந்தது. பிறகு இன்னொன்று. கிரேன்காரர் இன்னும் சிரித்துக்கொண்டு, டீச்சர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கையை எடுங்க" என்றார் டீச்சர் மெதுவாக.

அவர் குனிந்து பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

டீச்சர் விரலைக் கழுவினார், மருந்து வைத்தார், கட்டினார். கட்டி முடித்ததும் டீச்சர் ஒரு பென்சிலை எடுத்துவந்தார். "கண்ணை மூடுங்க."

"எதுக்கு?"

"மூடுங்கன்னா மூடுங்க."

மூடினார். பென்சில் முனை விரல் விரலாகத் தொட்டுக்கொண்டு போனது. "இங்க?" "எங்க?" "இங்க?" "தொடறியா?" நுனிகளில் ஒரு மார்க்கும் வரவில்லை. கொஞ்சம் கீழே வந்தது பென்சில். மடங்கும் கணுவின் பின்பக்கம் பட்டதும், "ஆ, குத்துது!" என்றார்.

"எத்தனை நாளா இப்படி?"

பதில் சொல்ல ஆரம்பித்தவர், அடைப்பு எடுத்த குழாய் மாதிரி எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். கோஸ், சூடு பட்ட கதை, கோப்பை, குழாய்த் தண்ணீர், கர்ர் கர்ர்.

டீச்சர் எழுந்து சமையலறைக்குள் போனார். கோப்பையைக் கவிழ்த்து வெளிச்சத்தில் பார்த்தார். வளையம் முழுக்கக் கரிக்கோடுகள். அப்போதுதான் கோபம் வந்தது பாருங்கள், தெருவே திரும்பிப் பார்த்திருக்கும்.

"நான் கல்லைத் தேய்ச்சுச் சமப்படுத்தினேன்! தண்ணியில உப்பு இருக்கான்னு தம்பிகிட்ட கேட்டேன்! தோள் கழண்டு போச்சு எனக்கு! இங்க நின்னு கோப்பையில அறுத்துட்டு இருந்தீங்களா? படு மட்ட இரும்பா இது? சொல்லுங்க!"

"நல்ல இரும்பு."

"என் கை?"

"உன் கை தங்கக் கை. முதல் நாள்லேருந்தே."

டீச்சர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்ததில் மூச்சு முட்டியது. கிரேன்காரர் பக்கத்தில் நின்றார், தீர்ப்புக்கு நிற்பவராக.

"சொன்னா சமையலறையைப் பிடுங்கிடுவேன்னு பயந்தீங்களா?"

"ஆமா."

டீச்சர் பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷி. "பிடுங்கித்தான் இருப்பேன்" என்றார். "உங்களுக்கு ஏதாவது ஆயிடுமோன்னுதான் எல்லாத்தையும் பிடுங்கறேன். பிடுங்கிப் பிடுங்கி உங்களைத் திருடனாக்கிட்டேன் போலிருக்கு."

கிரேன்காரருக்குக் கண் கலங்கியது. மூக்கைக் கரண்டித் துணியால் துடைத்துக்கொண்டார்.

"வெங்காயம் எடுங்க" என்றார் டீச்சர். "நுனியை உள்ள மடக்குங்க, புலி நகத்தை மடக்கற மாதிரி. கட்டை விரல் பின்னால. கத்தியோட பக்கம் கணுவில ஒட்டியே ஏறி இறங்கணும். கணு பாஸாயிடுச்சு, நுனிதான் ஃபெயில். அமுக்காதீங்க. மொட்டைக் கத்தியை அமுக்கின பழக்கம் உங்களுக்கு, அதான் கையை வெட்டுது. இது கூர். வெச்சாலே போதும்."

கிரேன்காரர் கத்தியைக் கணுவில் ஒட்டினார். சில்லென்று தெரிந்தது. அது மேலே போவதும் கீழே வருவதும் துல்லியமாகத் தெரிந்தது. வெங்காயம் தாளைப் போல மெல்லிசாகச் சரிந்து விழுந்தது. இரண்டு மூன்று வெட்டுக்கு அப்புறம் வேகம் பிடித்தார். "மெதுவா!" என்று அதட்டல் விழுந்தது. வகுப்பு அன்று மத்தியானம்வரை நடந்தது. வீட்டிலிருந்த வெங்காயம் எல்லாம் தீர்ந்துபோயிற்று.

மறுநாள் சாப்பிட வந்த தம்பி, "என்னக்கா, எல்லாத்துலயும் வெங்காயம்?" என்று கேட்டார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கல்லைத் திருப்பித் தருகிற பேச்சே எழவில்லை. அடுத்த வாரம் டாக்டரிடம் போனார்கள். இந்த முறை கிரேன்காரர் தானே கையை நீட்டி விரலைக் காட்டினார். டாக்டர் மாத்திரையை மாற்றினார், செருப்பில்லாமல் நடக்காதீங்க என்று கால்வரை போய்த் திட்டினார். சமையலைப் பற்றிக் கேட்டதற்கு, "வெட்டிட்டு ரெண்டு கையையும் கண்ணால ஒருதரம் பாருங்க" என்றார். அதை டீச்சர் சட்டமாக்கிவிட்டார். இப்போதும் காய் நறுக்கி முடித்ததும் கிரேன்காரர் பின்கட்டுப் பக்கம் வந்து, இரண்டு கையையும் விரித்துக் காட்டிவிட்டுப் போகிறார்.

சில வாரம் கழித்து ஒரு மத்தியானம், கையைக் காட்ட வந்தவர் கத்தியோடு வந்தார். பிடியை டீச்சர் பக்கம் திருப்பி நீட்டினார்.

"டீச்சரம்மா, தக்காளித் தோல்ல வழுக்குது. தீட்டித் தர்றியா?"

டீச்சர் ஒரு கணம் அவரையே சந்தேகமாகப் பார்த்தார். பிறகு கத்தியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். கோப்பையில் அறுத்த கத்தியில் அங்கங்கே தட்டையாக மினுங்கும், இப்போது அந்தம்மாவுக்கு அது அத்துப்படி. இதில் அப்படி ஒன்றும் இல்லை. அடியிலிருந்து நுனிவரை ஒரே சீராக, மெல்ல மெல்லத் தேய்ந்திருந்தது. விரலால் தடவிப் பார்த்தார்.

"இது உழைச்சு மழுங்கினது" என்றார்.

"பின்னே?" என்றார் கிரேன்காரர், கொஞ்சம் ரோஷமாகவே. "சாயங்காலம் சமையலுக்கு வேணும். சீக்கிரம்."

டீச்சர் எழுந்து போய்க் கல்லைத் தண்ணீரில் போட்டார்.